முதலில் சொல்லட்டும், பிறகு செய்யட்டும்: சிறுவருக்கான சில பரிசோதனைகள்

கொழும்பில் ஆரம்பப் பிரிவு மாணவர்களின் கண்காட்சி எதற்குச் சென்றாலும், களிமண்ணால் செய்த எரிமலை ஒன்று ஏதாவதொரு மேசையில் பொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். அப்பச்சோடாவின் மீது வினாகிரியை ஊற்றியதும் சிவப்பு நுரை வழிகிறது. சுற்றி நிற்கும் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நுரை அடங்கியதும் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கைதட்டலின் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், சிறு வகுப்புகளுக்குக் கற்பித்துவரும் ஓர் ஆசிரியை என்ற வகையில், அந்த மேசையில் நடப்பதைப் பரிசோதனை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என்ன நடக்கும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னது சரியா பிழையா என்று எவரும் பார்க்கவில்லை. ஒன்றை மாற்றி மீண்டும் செய்துபார்க்க எவருக்கும் அங்கே இடமும் இல்லை.

அதே அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கொண்டு பிள்ளைகளைச் சிந்திக்கவைக்கலாம். ஒரே அளவான நான்கு சிறிய தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் வினாகிரியை ஊற்றுங்கள். ஒரே வகையான நான்கு பலூன்களுக்குள் முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு, பலூன்களின் வாயைப் போத்தல்களின் வாயில் மாட்டுங்கள். பலூனை நிமிர்த்தியதும் சோடா வினாகிரியில் விழும், காபனீரொட்சைட்டு வாயு உண்டாகும், பலூன் ஊதும். நிமிர்த்துவதற்கு முன்னர், எந்தப் பலூன் எவ்வளவு பெரிதாகும் என்று பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள். அநேகமாக எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: சோடா கூடினால் பலூனும் கூடும், மூன்று தேக்கரண்டி போட்ட பலூனே மிகப் பெரிதாகும். அரைத் தேக்கரண்டியிலிருந்து ஒரு தேக்கரண்டிக்குப் போகும்போது அவர்கள் சொன்னபடியே நடக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஏறத்தாழ எந்த மாற்றமும் இராது. போத்தலின் அடியில் கரையாத வெள்ளைத் தூள்தான் மிஞ்சும். ஏன் என்று அவர்களாகவே கேட்பார்கள். விடையைச் சொல்லாமல், மூன்றாம் நான்காம் போத்தல்களில் இன்னும் சிறிது வினாகிரியை ஊற்றிப் பார்க்கச் சொன்னால், தூள் மீண்டும் பொங்கத் தொடங்கும். தீர்ந்துபோனது வினாகிரிதான் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொள்வார்கள். ஊதிய பலூன்களின் சுற்றளவை நூலால் அளந்து, அந்த நூல்களையே வெட்டிக் கொப்பியில் அருகருகே ஒட்டவைப்பது என் வழக்கம். தரம் 3 பிள்ளை வரையும் முதலாவது வரைபு அதுவே.

எங்கள் பாடத்திட்டத்தில் விஞ்ஞானம் தரம் 6 இலிருந்துதான் தனிப்பாடமாக வருகிறது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள் நீர், காற்று, தாவரங்கள், ஒளி எல்லாம் அடங்கியிருக்கின்றன. அந்தப் பாடத்தின் பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. நடைமுறையில், புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கச் செயற்பாடு குறைந்து வினாத்தாள் கூடுகிறது. இதனால் நேரும் இழப்பைப் பிள்ளைகளின் முகத்தில் பார்க்கலாம். தரம் 2 பிள்ளையிடம் "இது மிதக்குமா, தாழுமா?" என்று கேட்டால் உடனே ஏதாவதொரு விடை வந்துவிடும். தரம் 5 பிள்ளையிடம் அதே கேள்வியைக் கேட்டால், முதலில் என் முகத்தைப் பார்க்கிறது. சரியான விடை எது என்பதை அங்கே தேடுகிறது. பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் அதற்குள் குடியேறிவிட்டது. ஆகையால், எல்லோரும் பிழையாகச் சொல்லக்கூடிய, முடிந்தால் பெற்றோரும் ஆசிரியரும்கூடப் பிழையாகச் சொல்லக்கூடிய பரிசோதனைகளையே நான் விரும்பித் தேடுகிறேன். வகுப்பே பிழையாகச் சொன்ன இடத்தில் தனியொரு பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை; எல்லோருடைய கண்ணும் பொருளின் மேல் திரும்பிவிடும்.

மஞ்சளில் தொடங்குவது எளிது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைச் சிறிதளவு நீரில் கரைத்து, வெள்ளைக் கடதாசித் துண்டுகளில் பூசி, நிழலில் காயவிடுங்கள். பிறகு தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, சீனிக் கரைசல், பால், சவர்க்கார நீர், அப்பச்சோடாக் கரைசல் ஆகியவற்றைச் சிறு கோப்பைகளில் வைத்து, எது மஞ்சளின் நிறத்தை மாற்றும் என்று கேளுங்கள். தேசிக்காய்ச் சாறு என்றே பிள்ளைகள் சொல்வார்கள். நாக்கைச் சுருங்கவைக்கும் புளிப்பு நிறத்தையும் மாற்றத்தானே வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். தேசிக்காய் ஒன்றும் செய்வதில்லை. யாரும் எதிர்பாராத சவர்க்கார நீர் பட்டதும் கடதாசி செங்கபில நிறமாகிவிடுகிறது. அப்பச்சோடாவும் மாற்றும், ஆனால் அவ்வளவு அழுத்தமாக அல்ல. சிவந்த இடத்தில் தேசிக்காய்ச் சாற்றை ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் திரும்பி வருகிறது.

மஞ்சளுக்கு நிறத்தைத் தரும் குர்க்குமின் என்ற பொருள் அமிலத்திலும் நடுநிலையான நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். காரத்தன்மையுள்ள கரைசலில் சிவக்கும். இந்த விளக்கத்தைச் சொல்வதற்கு முன்னர், வீட்டில் இதை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்பது பயன்தரும். வெள்ளைச் சீருடையில் கறி சிந்திய இடத்துக்குச் சவர்க்காரம் போட்டதும் கறை திடீரெனச் சிவந்துபோனதை அம்மா முறையிட்ட கதை ஒரு பிள்ளையிடமாவது இருக்கும். திருமண வீட்டில் ஆலம் சுற்றும் சிவந்த நீர் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து உண்டானது என்பதைப் பாட்டியிடம் கேட்டறிந்து வரும் பிள்ளையும் உண்டு. குங்குமம் செய்யும் பழைய முறையும் மஞ்சளைச் சுண்ணாம்பால் சிவக்கவைப்பதுதான். எங்கள் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவந்த ஒரு தாக்கத்தை, செங்கோவாவை வாங்கி அவித்துச் செய்யச் சொல்லும் வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்து கற்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் தீங்கு விளைவிக்கும். ஆகவே சிறுவர் கையில் அதைக் கொடுக்காமல், சவர்க்கார நீருடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சளுடன் இன்னொன்றும் செய்யலாம். மஞ்சள் பூசிய துணித் துண்டு ஒன்றின் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, நல்ல வெயிலில் சில மணிநேரம் வைத்து எடுத்தால், மூடாத பாதி வெளிறியிருக்கும். குர்க்குமின் வெயில் படச் சிதைகிறது; கறை படிந்த சீருடையை வெயிலில் காயப்போடுவதற்கும் இதுவே காரணம். புளிப்புக்கும் காரத்துக்கும் இரண்டுக்கும் நிறம் மாறும் ஒன்று வேண்டுமானால், வேலியோரத்துச் சங்குப்பூவைச் சூடான நீரில் ஊறவைத்த நீலச் சாறு போதும். தேசிக்காய் அதை ஊதாவாக்கும். சவர்க்கார நீர் பச்சை கலந்த நிறமாக்கும்.

அடுத்ததாக நான் எழுத விரும்பும் பரிசோதனை, பெரியவர்களைப் பற்றியது. தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுதிரியை ஏற்றி, அதன் மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் பரிசோதனையை அறியாதவர் இல்லை. திரி அணைகிறது, நீர் குவளைக்குள் ஏறுகிறது. எரிவதற்கு ஒட்சிசன் செலவானது, அந்த வெற்றிடத்தை நீர் நிரப்பியது, வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் என்பதற்கு இதுவே சான்று என்று எங்களில் பலருக்குக் கற்பிக்கப்பட்டது. வளியில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன் என்பது உண்மைதான். நீர் ஏறுவதற்கான முதன்மைக் காரணம் அது என்பதுதான் உண்மையல்ல. ஒட்சிசன் முற்றாகத் தீருமுன்னரே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஒட்சிசனுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகியிருக்கும். குவளையைக் கவிழ்க்கும்போது சுடரின் வெப்பத்தால் வளி விரிந்திருக்கிறது. சுடர் அணைந்ததும் அந்த வளி குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் ஒடுங்கி நீராகிறது, உள்ளே அமுக்கம் குறைகிறது, வெளியே உள்ள வளி நீரை உள்ளே தள்ளுகிறது.

இதைப் பிள்ளைகள் நம்ப வேண்டியதில்லை, பார்க்கலாம். நீர் எப்போது ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். ஒட்சிசன் செலவாவதுதான் காரணம் என்றால் திரி எரியும் நேரம் முழுவதும் நீர் சீராக ஏற வேண்டும். பெரும்பகுதி ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான். அடுத்து, அதே குவளைக்குள் இரண்டு திரிகளையும் பிறகு மூன்று திரிகளையும் வைத்துப் பாருங்கள். குவளைக்குள் இருந்த ஒட்சிசன் மூன்று தடவையும் ஒரே அளவுதான். நீரோ திரிகள் கூடக்கூட உயரமாக ஏறுகிறது. கடைசியாக, திரியே இல்லாமல் செய்யுங்கள்: தடித்த கண்ணாடிப் போத்தலைப் பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரால் நன்றாகக் கழுவி, நீரைக் கொட்டிவிட்டு, உடனே தட்டிலுள்ள நீரில் கவிழ்த்து வையுங்கள். போத்தல் ஆற ஆற நீர் தானாகவே உள்ளே ஏறும். எரிந்தது எதுவும் இல்லை, ஒட்சிசன் செலவாகவும் இல்லை. தரம் 4 இல் இருந்த ஒரு சிறுமி இதைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் புத்தகத்தில இருக்கிறது பிழையா, ரீச்சர்?" என்று கேட்டாள். புத்தகத்தில் இருப்பதைக்கூடச் செய்து பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல அதைவிட நல்ல வேளை எனக்குக் கிடைத்ததில்லை. சுடர் உள்ள பகுதியைப் பெரியவர் ஒருவரே செய்ய வேண்டும். தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும். அருகில் ஒரு வாளி நீர் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

தேங்காய் எண்ணெய் எங்கள் சமையலறையின் இன்னொரு செல்வம். ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியஸில் அது உறையும். கொழும்பில் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும் எண்ணெய், நுவரெலியாவில் உள்ள மாமி வீட்டுப் போத்தலில் வெள்ளையாக உறைந்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் சிலராவது இருப்பார்கள். ஐஸ்கட்டித் தட்டின் சில குழிகளில் எண்ணெயையும் சில குழிகளில் நீரையும் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் உறையும் பகுதியில் வைத்து உறையவிடுங்கள். ஒரு குவளை நீரில் ஐஸ்கட்டியைப் போட்டால் மிதக்கும். இதை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். ஒரு குவளை தேங்காய் எண்ணெயில் உறைந்த எண்ணெய்க் கட்டியைப் போட்டால் என்னவாகும்? மிதக்கும் என்று ஒருமித்துச் சொல்வார்கள். அது நேரே அடிக்குப் போய்ப் படியும்.

இங்கே விசித்திரமானது எண்ணெயல்ல, நீர்தான் என்பதைப் பிள்ளைகள் உணரும்போது அவர்களுடைய வியப்பு இரட்டிப்பாகும். பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்கி அடர்த்தி கூடும்; நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், அதனால் ஐஸ் மிதக்கும். தட்டிலுள்ள ஐஸ்கட்டிகளின் மேற்புறம் சற்றுப் புடைத்திருப்பதையும் எண்ணெய்க் கட்டிகளின் நடுப்பகுதி குழிந்திருப்பதையும் விரலால் தடவிப் பார்க்கவிடுங்கள். பிறகு அதே எண்ணெய்க் கட்டியை நீரில் போடச் சொல்லுங்கள். இம்முறை மிதக்கும். ஒரு பொருள் மிதக்கும், தாழும் என்று தனியாகச் சொல்ல முடியாது, எதில் என்று கேட்க வேண்டும் என்பதைத் தரம் 3 பிள்ளைகள் இந்த ஒரு கட்டியை வைத்தே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கொழும்பு வெப்பத்தில் கட்டி சில நிமிடங்களில் உருகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு செய்யுங்கள். பயன்படுத்திய எண்ணெயை வீணாக்காமல் விளக்குக்கு ஊற்றலாம்.

முட்டையும் உப்பும் பலர் அறிந்த பரிசோதனை, சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல நீரில் தாழும் புது முட்டை, ஒரு குவளை நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்தால் மிதக்கும். வெள்ளவத்தைக் கரையிலிருந்து பெரியவர் ஒருவர் ஒரு போத்தல் கடல்நீரைக் கொண்டுவந்து கொடுத்து, அதில் முட்டை மிதக்குமா என்று கேளுங்கள். கடல் உப்பானது, ஆகவே மிதக்கும் என்பார்கள். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் உண்டு; அது போதாது, முட்டை தாழ்ந்துவிடும். உப்பைச் சிறுகரண்டியால் அளந்தளந்து சேர்த்து, எந்தக் கரண்டியில் எழும்புகிறது என்று கணக்கு வைக்கச் சொல்லலாம். எல்லாக் குவளைகளுக்கும் ஒரே முட்டையையே பயன்படுத்துங்கள். பழைய முட்டையின் உள்ளே வளியறை பெருத்திருப்பதால் அது நல்ல நீரிலேயே மிதக்கக்கூடும். அதன்பின் மிதந்ததற்குக் காரணம் உப்பா முட்டையா என்று பிரித்தறிய முடியாது.

பயறு முளைக்கவைப்பது எல்லா வகுப்புகளிலும் நடக்கிறது. முளைத்ததுடன் நிறுத்திவிடாமல், ஒரு தட்டை யன்னலோரத்திலும் ஒரு தட்டை மூடிய பெட்டிக்குள்ளும் ஒரு வாரம் வைத்து, எது உயரமாக வளரும் என்று கேளுங்கள். வெளிச்சத்தில் உள்ளது என்பார்கள். பெட்டிக்குள் இருந்ததே உயரமாக, மெலிந்து, வெளிறிப்போய் நிற்கும். வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டியதால் வந்த உயரம் அது. திருமண வீட்டு முளைப்பாலிகையைக் கவனித்த பிள்ளைகள் இருந்தால் அதையும் பேச்சில் இழுத்துக்கொள்ளலாம்.

சில பரிசோதனைகள் கொழும்பில் சரிவருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊதிய பலூனைத் தலையில் தேய்த்துச் சுவரில் ஒட்டுவதும், சீப்பால் கடதாசித் துணுக்குகளைக் கவர்வதும் குளிரான, வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்களில் முதற் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன. எங்கள் வளியில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பொருட்களின் மேற்பரப்பில் படியும் மெல்லிய ஈரத்தின் வழியே மின்னேற்றம் கசிந்து போய்விடும். ஆசிரியர் எவ்வளவு தேய்த்தாலும் பலூன் விழுந்துவிட, விஞ்ஞானம் பொய் என்று பிள்ளைகள் எண்ணுவதற்கு வாய்ப்புண்டு. அதையே கேள்வியாக மாற்றலாம்: அதே பலூனைக் குளிரூட்டிய அறையில் சிறிது நேரம் வைத்துத் தேய்த்தால் என்ன நடக்கும், குளியலறையில் தேய்த்தால் என்ன நடக்கும்? குளிரூட்டி வளியிலுள்ள ஈரத்தை அகற்றுவதால் அந்த அறையில் பலூன் நன்றாக ஒட்டும்.

இதற்கு நேர்மாறாக, எங்கள் ஊரில் மட்டும் சிறப்பாக அமையும் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்குத் தேவைப்படுவது ஒரு மீற்றர் நீளமான நேரான தடி, ஓர் அடிமட்டம், வெயில் விழும் மொட்டைமாடி. வெளிநாட்டுப் புத்தகங்கள் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கு நோக்கி விழும் என்று எழுதுகின்றன. அவை எழுதப்பட்ட நாடுகளில் அது உண்மை. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மாத முற்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வந்து, பின்னர் எங்களைக் கடந்து வடக்கே போகிறது. டிசம்பர் மாத இறுதிப் பகுதியில் ஒரு மீற்றர் தடியின் நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் நீளத்துக்கு விழும். ஜூன் 21 ஐ ஒட்டிய நாட்களில் அதே தடியின் நிழல் தெற்கே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு விழும். இரண்டுக்கும் இடையில், ஏப்ரல் 7 ஐ ஒட்டி, நிழலே இல்லாத ஒரு நண்பகல் வரும். செப்டம்பர் மாத முற்பகுதியில், சூரியன் தெற்கே திரும்பும்போது, அது மறுபடியும் வரும். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல என்பதும் இங்கே வெளிப்படும். இலங்கை நேரம் கொழும்புக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுவதால், ஏப்ரலில் எங்கள் நிழல் மிகக் குறுகுவது 12 மணி 12 நிமிட அளவில்தான். பன்னிரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு முறை நிழலின் நுனியைச் சோக்கால் குறித்தால் பிள்ளைகளே அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பார்கள். சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்பதைத் தொடங்குமுன் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் இருக்கட்டும்.

கொழும்பில் உள்ள எங்கள் பிள்ளைகளில் பலருக்கு யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோ சித்தப்பாவோ மச்சான்மாரோ இருக்கிறார்கள். கொழும்பில் நிழல் மறையும் நாளில் யாழ்ப்பாணத்தில் நிற்கும் ஒரு மீற்றர் தடிக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நிழல் இருக்கும். அங்கே நிழல் மறைவது ஒரு வாரம் கழித்து, சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான். இரண்டு ஊரிலும் ஒரே நண்பகலில் அளந்து தொலைபேசியில் ஒப்பிடச் சொன்னால், "சூரியன் ஒன்றுதானே, நிழல் மட்டும் ஏன் வேறு?" என்ற கேள்வி வரும். பூமி தட்டையாக இருந்து, சூரியன் மிகத் தொலைவில் இருந்தால், இரண்டு தடிகளின் நிழலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரடோஸ்தீனிஸ் என்ற அறிஞர் செய்ததும் இதுவே: சயீன் நகரில் நண்பகல் சூரியன் நேர்மேலே நிற்கும் நாளில் அலெக்சாந்திரியாவில் விழும் நிழலின் கோணம் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டு, இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைக் கணித்தார். தரம் 5 பிள்ளைகளுக்குக் கோணக் கணக்கு வேண்டியதில்லை. ஒரு பந்தில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி வெயிலில் திருப்பிப் பார்த்தால் போதும். ஏப்ரலில் பாடசாலை விடுமுறை என்பதும் வசதியே; பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், தடியையும் அவர்களே நடுவார்கள்.

மழையையும் அளக்கலாம். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் போத்தலைக் கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழைவீழ்ச்சி. போத்தலின் வாய் பெரிதாக இருந்தால் அதிக மழை காட்டுமா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்பதே வழக்கமான விடை. அகலமானதும் ஒடுக்கமானதுமான இரண்டு நேர்ப் போத்தல்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே உயரத்தையே காட்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். கொழும்பில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் பெய்கிறது; ஒரு சொட்டும் ஓடாமல் நின்றால் வீட்டு வாசற்கதவைவிட உயரமாக நிற்கும் நீர் அது. பௌத்தாலோக மாவத்தையில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 உடன் முடியும் 24 மணித்தியால மழைவீழ்ச்சியை வெளியிடுகிறது. சனி, ஞாயிறு காலைகளில் அதே நேரத்துக்கு அளந்து ஒப்பிட்டால், பிள்ளையின் அளவு திணைக்களத்தின் அளவுடன் பல நாட்களில் ஒத்துப்போகாது. பிள்ளை அளந்தது பிழை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் மஹரகமவிலும் உள்ள வகுப்புத் தோழர்களிடம் அதே காலையில் அளக்கச் சொல்லி நான்கு எண்களையும் ஒரு வரைபடத்தில் எழுதினால், ஒரே நகரத்தில் மழை எவ்வளவு வேறுபட்டுப் பெய்கிறது என்பது தெரியும்.

அளந்தவுடன் போத்தலைக் கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு நுளம்பு, முட்டையிலிருந்து முழு நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாட்கள் போதும். பரிசோதனைக்காக வைத்த நீர் எதுவும் இந்த நகரத்தில் மறந்துபோய்க் கிடக்கக்கூடாது. முளைகட்டும் தட்டுகளுக்கும் இது பொருந்தும். அளக்கத் தொடங்க ஒக்ரோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. பிற்பகல்களில் இடியுடன் மழை கொட்டும் காலம் அது. அடுத்த நாள் காலையில் அளப்பதற்கு ஏதாவது இருக்கும் என்பதால் சிறு பிள்ளைகளின் ஆர்வமும் தளராது. இடி முழங்கும் நேரத்தில் மட்டும் யாரையும் மொட்டைமாடிக்கு அனுப்ப வேண்டாம்.